கையளவு ஆங்கிலம்

வாசல் திரைக்கு அளவெடுக்கச் சொன்னாள் மனைவி. இன்ச் டேப்பைக் காணோம். கடைசியாக அதைத் தொட்டவன் நான் என்பதால், தேடுகிற பாவனையை மட்டும் சிறப்பாகச் செய்தேன்.

"டேப் எதற்கு? வாமனனுக்கு அப்புறம் உடம்பால் உலகை அளந்தவன் வெள்ளைக்காரன்தான்" என்று ஆரம்பித்தேன். ஒரு வாரமாக ஆங்கில அகராதியும் கையுமாகத் திரிந்த திமிர். "முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை 'க்யூபிட்', 18 அங்குலம். விரல்களை விரித்தால் 'ஸ்பான்', 9 அங்குலம்."

"முழம், சாண்" என்றாள், அரிசியில் கல் பொறுக்கியபடியே.

விடுவேனா? கடலாழம் சொல்லும் 'ஃபேதம்' 6 அடி. பழைய ஆங்கிலத்தில் அது கைவிரித்து அணைப்பதைக் குறித்த சொல். விரித்தே காட்டினேன்.

"அது பாகம். எங்க தாத்தா கிணத்துக் கயிறை அப்படித்தான் அளப்பார். விளக்கைத் தட்டிவிடாதீங்க."

"குதிரையின் உயரம் இன்றும் 'ஹேண்ட்' கணக்கில்தான். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 14.2 என்றால் 14 ஹேண்டும் 2 அங்குலமும். தசமம் என்று நினைத்துவிடாதே!"

"நம்ம வீட்ல குதிரை இல்லை."

கடைசி அஸ்திரம் 'ஷாஃப்ட்மென்ட்': விரல்களை மடக்கிக் கட்டைவிரலை நீட்டினால் 6 அங்குலம். இதற்கு மட்டும் அவள் பேசவில்லை. வெற்றிக் களிப்பில் ஸ்டூல்மேல் ஏறி, நிலைப்படியில் கட்டைவிரலை நீட்டி நீட்டி அளந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன்னைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்.

நாலு க்யூபிட், இரண்டு ஷாஃப்ட்மென்ட். அகராதிக் கணக்கில் 84 அங்குலம். தைத்து வந்த திரையை மாட்டினால், சரியாக ஒரு ஸ்பான் தரையில் புரண்டது.

எங்கே பிசகியது என்று அகராதியைப் புரட்டினேன். இன்ச் டேப் அதற்குள்தான் இருந்தது, நான் பக்க அடையாளமாக வைத்த இடத்திலேயே. கையை அளந்தேன். என் முழம் 16 அங்குலம். ஷாஃப்ட்மென்ட்டிலும் அரை அங்குலம் குறைச்சல். அகராதி எழுதியவருக்கு என் கையைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"ரெண்டு கையையும் சேர்த்து ஏந்துங்க" என்றாள் மனைவி. அந்த அளவுக்கும் ஆங்கிலத்தில் பெயர் உண்டு: 'யெப்சன்'. சொல்ல வாயெடுப்பதற்குள் என் கை நிறையச் சின்ன வெங்காயம்.

"இதுக்கு என்ன பேரோ, உரிச்சு வெச்சிட்டுச் சொல்லுங்க."