இன்று அரண்மனை விடுமுறை, சார்!

பாங்காக்கை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடக் கிளம்பும் பயணிக்கு முதல் தரிசனம் அரண்மனையல்ல, அரண்மனை இன்று திறக்காது என்று சொல்லும் பெரியவர்தான். வெள்ளை மதிலோரம் நிற்பார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அடையாள அட்டை, கையில் மடித்த வரைபடம். "எந்த ஊர் சார்? இந்தியாவா? ரொம்ப சந்தோஷம். ஆனா காலையில பூஜை, ஒரு மணிக்கு மேலதான் விடுவாங்க" என்று துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் சொல்வார். அடுத்து வரைபடத்தில் பேனாவால் மூன்று வட்டம்: அதிர்ஷ்டம் தரும் நின்ற கோலப் புத்தர், இன்றோடு தள்ளுபடி முடிகிற ரத்தினக் கடை, ஒரு தையல் கடை. கை காட்டாமலே துக்-துக் வந்து நிற்கும். மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாட்தான். இந்தக் காசுக்கு எப்படிக் கட்டுபடியாகும் என்று பயணி கேட்பதில்லை. ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் கடையில் காத்திருக்கின்றன.

இவரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடலாம். பொய்யர்தான், அதில் தகராறில்லை. ஆனால் பொய் சொல்லத் தெரிந்தவர் உலகமெங்கும் இருக்க, இவருக்கு மட்டும் இவ்வளவு நல்ல வியாபாரம் ஏன் என்பதுதான் கேள்வி. இவர் விற்பது ஓய்வை. பயணியின் அன்றைய திட்டத்தைப் பாருங்கள். காலை 8.30-க்கு அரண்மனை, நுழைவுக் கட்டணம் 500 பாட். 1782-ல் மன்னர் முதலாம் ராமர் கட்டத் தொடங்கியதை இரண்டு மணி நேரத்தில் பார்த்துத் தீர்க்க வேண்டும். அங்கிருந்து ஓடி வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைத் தலை ஒரு படம், கால் ஒரு படம் என்று தவணையில் எடுக்க வேண்டும். அவராவது நிம்மதியாகப் படுத்திருக்கிறார். பிறகு தா தியென் துறையில் படகேறி அக்கரையில் வாட் அருண், சாயங்காலம் சைனா டவுன். ஏப்ரல் வெயிலில் இப்படி ஒரு பட்டியலோடு நிற்பவர் காதில் 'மூடியிருக்கிறது' என்ற சொல் வரமாக விழுகிறது. கடமை தவறிய குற்றமில்லாமல் ஓர் அயிட்டம் கழிகிறது, உட்கார வண்டியும் கிடைக்கிறது.

பேராசைதான் காரணம், மலிவு ரத்தினத்துக்கு ஆசைப்பட்டவன் மாட்டிக்கொள்கிறான் என்று சிலர் சொல்வார்கள். அது கதையின் இரண்டாம் பாதிக்குத்தான் பொருந்தும். மதிலோரம் நின்று தலையாட்டியபோது ரத்தினம் என்ற நினைப்பே பயணிக்கு இல்லை. ஊர்க்காரர் ஒருவர் நம்மிடம் அன்பாகப் பேசுகிறாரே என்ற பூரிப்புதான் இருந்தது. முன்பின் தெரியாதவரை நம்பாதீர்கள் என்று அங்கே எச்சரிக்கை வைத்திருக்கிறார்களே என்றால், அதைப் பயணிக்குப் படித்துக் காட்டுவதே இவர்தான். "இங்க ஏமாத்துக்காரங்க அதிகம் சார், 20 பாட்டுக்கு மேல கொடுக்காதீங்க" என்று முந்திக்கொண்டு எச்சரித்தவரை எப்படிச் சந்தேகிப்பது?

தவிர, இவர் சரக்கில் முக்கால்வாசி உண்மை. நின்ற கோலப் புத்தர் வாட் இந்தரவிஹானில் 32 மீட்டர் உயரத்தில் நிஜமாகவே நிற்கிறார். அரச வைபவ நாட்களில் அரண்மனையின் சில பகுதிகளை மூடுவதும் உண்டு. இதற்காக இவரைக் கலாசாரத் தூதர் என்று கொண்டாட வேண்டியதில்லை. ரத்தினக் கடையில் பணத்தைத் தொலைத்தவருக்கு இந்த நயமெல்லாம் ரசிக்காது. மதிலுக்கு உள்ளே இருக்கும் மரகதப் புத்தரும் மரகதமில்லை, வேறு பச்சைக் கல்தான். ஆனால் அவரை யாரும் யார் தலையிலும் கட்டப் பார்ப்பதில்லை.

திட்டப் பட்டியலைக் கையில் இறுக்கிப் பிடித்தவர் சிலர் இவரைத் தாண்டி நடந்துவிடுவார்கள். பெரியவருக்கு வருத்தமில்லை. அவர்கள் முழங்காலைப் பார்த்து, "அரைக்கால் சட்டையோட உள்ள விடமாட்டாங்க சார்" என்பார். அன்று அவர் வாயிலிருந்து வந்த கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான். அதைத்தான் நம்பாமல் வாசல் வரை போய், காவலர் திருப்பி அனுப்ப, எதிர்க் கடையில் யானைப் படம் போட்ட பேன்ட் ஒன்றைப் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள்.