காட் வரும் மருமோன், நீ குழப்பாமல் இரு

மருமோன், உந்தப் போனைக் கவிட்டு வைச்சிட்டுச் சோத்தைத் தின். மாமி வைச்ச விளைமீன் குழம்பு ஆறுது. நீ இடக்கையாலை உந்தத் திரையை இழுத்து இழுத்துப் பாக்கிறாய். தேயிறது உன்ரை விரல்தான், ஒட்டாவாவிலை ஒரு கடதாசியும் அசையேல்லை.

சரி, உன்ரை பி.ஆர். எண்டிற கனடா நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு என்னதான் எழுதிக் கிடக்கு, வாசி பாப்பம். தகுதி பாத்தாச்சு. மெடிக்கல் முடிஞ்சுது. பின்னணி ஆராய்ஞ்சுகொண்டிருக்கினம். அடேயப்பா! உன்ரை பின்னணியை ஆராய இவ்வளவு மாசமோ? என்னட்டை ஒரு போன் அடிச்சிருந்தால் தேத்தண்ணி ஆறமுன்னம் முழுக்கச் சொல்லியிருப்பன். ஓ.எல். சோதினைக்கு முதல்நாள் விடிய விடியக் கூத்துப் பாத்தது, கொப்பரின்ரை சைக்கிளை வித்துப்போட்டுக் களவு போட்டுது எண்டு அழுதது, எல்லாம். பாவம் அந்த ஒப்பீசர். ஊர்ப் பொலிஸ் றிப்போட்டை மட்டும் வைச்சுக்கொண்டு உன்னை நல்ல பெடியன் எண்டு நம்பியிருக்கிறார்.

ஆறு மாசம் எண்டு சொன்னவையே எண்டு கோவிக்கிறாய். அநேகமான ஆக்களுக்கு ஆறு மாசம் எண்டுதான் சொன்னவை, எல்லாருக்கும் எண்டு சொல்லேல்லை. 2015இலை இந்த விண்ணப்ப முறைக்கு எக்ஸ்பிறஸ் என்ட்றி எண்டு பேர் வைச்சினம், நீ பேரை நம்பி ஏறியிட்டாய். எங்கடை யாழ்தேவி றெயினும் எக்ஸ்பிறஸ்தான். 1990இலை யாழ்ப்பாணம் வாறதை நிப்பாட்டினது, திரும்பி வர 2014 ஆச்சு. ஆனால் வந்தது.

நேற்று என்ன சொன்னனி? கோஸ்ற் அப்டேற்றாம். திகதி மட்டும் மாறியிருக்காம், வேறை ஒண்டும் மாறேல்லையாம். அதுக்கு நீயும் உன்ரை கூட்டாளியளும் இரவிரவாய் வாட்ஸப்பிலை பலன் சொன்னியள். ஒருத்தன் நல்ல சகுனம் எண்டான், மற்றவன் தன்ரை மச்சானுக்கு இப்பிடி வந்து மூண்டாம் கிழமை கிடைச்சது எண்டான். எங்கடை காலத்திலை பேய் பனையிலை இருந்தது, இருட்டினால்தான் இறங்கும். உங்கடை பேய் பட்டப்பகலிலை ஒப்பீஸ் வேலைக்கு வருது.

அதுவும் காணாதெண்டு தகவலறியும் சட்டத்திலை 5 டொலர் கட்டி உன்ரை கோப்பின்ரை நோட்ஸை எடுப்பிச்சாய். சட்டப்படி 30 நாள் தவணை. வந்ததைப் பாத்தால் உன்ரை பேர், நீ பிறந்த திகதி, நீ படிச்ச படிப்பு, நீ பாத்த வேலை. மிச்சத்தை மறைச்சு அனுப்பியிருக்கினம். உன்னைப் பற்றி உனக்கே சொல்லக் காசு வாங்கின ஆள் இதுக்கு முதல் எங்கடை ஊர்ச் சாத்திரியார் ஒருத்தர்தான். அவர் வெத்திலையாவது தருவார்.

பகிடி இருக்கட்டும். காத்திருந்து ஆரும் கெட்டுப்போனதை நான் ஸ்காபரோவிலை காணேல்லை. காத்திருக்கேக்கை கெட்டித்தனம் காட்டப் போய்க் கெட்டவையைக் கண்டிருக்கிறன். அதுதான் இப்ப எனக்குப் பயம். ஏனெண்டால் கொம்மா போன் எடுத்தவ.

கோண்டாவில் பக்கம் ஒரு பொம்பிளை பாத்திருக்காம். நீ ஒரு கிழமை வந்து எழுத்தை மட்டும் எழுதிப்போட்டுப் போகட்டாம், கலியாணத்தைப் பேந்து ஊரறியச் செய்யலாமாம். கனடாக்காரனுக்கு ஏன் உதைச் சொல்லுவான், அவனுக்கு என்னண்டு தெரியவரும் எண்டு ஆரோ புத்தி வேறை சொல்லியிருக்கினம். அந்தப் புத்திசாலியின்ரை பேரைக் கேட்டு வைச்சிரு, பேந்து அழேக்கை பேர் சொல்லி அழலாம்.

எழுத்து எழுதினாலே அவ உன்ரை மனுசி. நிரந்தர வதிவிடம் உறுதியாகிற நாளுக்கு முன்னம் கட்டினால், அவ கூட வந்தாலும் வராட்டிலும் அவவைப் பற்றிச் சொல்லத்தான் வேணும். அவவும் மெடிக்கல் எடுக்கோணும். மறைச்சுக்கொண்டு பி.ஆர். எடுத்தியோ, பேந்து இவ என்ரை மனுசி எண்டு ஸ்பொன்சர் பண்ணப் போனால் பொதுவாய்க் கதவு பூட்டுத்தான். மறைச்சதைப் பொய் எண்டு பிடிச்சால் 5 வருசத்துக்கு உள்ளை வரவும் ஏலாது. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் சுணங்கும். பொம்பிளை நல்ல பிள்ளையெண்டால் சுணங்கட்டன், என்ன குறைஞ்சுபோச்சு? இல்லாட்டில் பி.ஆரை எடுத்துப்போட்டு ஆறுதலாய்க் கட்டு. உன்ரை வயசிலை நானும் அவசரப்பட்டனான்தான்... மாமி குசினிக்கைதானே நிக்கிறா? சரி, விடு.

முந்தி எங்கடை சனமும் ஒரு பொய் சொன்னது. 1986 ஆகஸ்டிலை நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அங்காலை, ரெண்டு உயிர்காப்புப் படகிலை 150 பேருக்கு மேலை மிதந்தவை. அந்த ஊர் மீன்பிடிக்காரர்தான் கண்டு ஏத்தினவை. இந்தியாவிலையிருந்து வாறம் எண்டு முதல் சொல்லிச்சினம், விசாரிச்சால் மேற்கு ஜேர்மனியிலை கப்பல் ஏறினவை. பேப்பர்க்காரர் கிழிகிழியெண்டு கிழிச்சாங்கள். எண்டாலும் அரசாங்கம் ஒரு வருசப் பெர்மிற் குடுத்து இருக்க விட்டது. அது உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்த சனம். நீ மாஸ்ரேர்ஸ் படிச்சுப்போட்டுக் குளிரூட்டின ஒப்பீசிலை இருக்கிறவன், உனக்கு அந்த இரக்கத்தை ஆரும் காட்டமாட்டினம்.

இனி ஈமெயில் விசயம். அவையின்ரை போர்ட்டலிலை இருந்து முதல் ஒண்டு வரும், நீ கனடாவுக்குள்ளைதான் நிக்கிறியோ எண்டு கேக்கும். உள்ளை நிண்டால்தான் ஓம் எண்டலாம். ஆனபடியால் நல்லூர்த் தேருக்கெண்டு மலிவாய்ப் போட்ட ரிக்கெற்றை விட்டுத்தள்ளு, முருகன் அடுத்த வருசமும் தேரேறுவார். அந்த ஈமெயில் சிலநேரம் குப்பைப் பெட்டிக்கை போய் விழுந்துகிடக்கும். உந்தப் பக்கத்தைப் பாக்கிறதிலை பத்திலை ஒரு பங்கு அந்தக் குப்பையையும் கிளறிப் பார்.

பேந்து விலாசமும் படமும் கேப்பினம். வெள்ளைச் சுவருக்கு முன்னாலை நேரை நிண்டு, வாயை மூடி, சிரிக்காமல் எடுக்கோணும். இவ்வளவு நாள் காத்திருந்த முகத்திலை சிரிப்பு வராது எண்டு அவைக்கும் விளங்கியிருக்கு. படக்காரன் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டோ எண்டு கேப்பான், வேண்டாம் எண்டு சொல்லு. திருத்தின படம் அங்கை எடுபடாது. அது பொம்பிளை வீட்டுக்கு அனுப்பிற படமில்லை.

அதுக்குப் பிறகு வாற உறுதிக் கடதாசிதான் சாமான். அது கிடைச்சால் நீ நிரந்தர வதிவிடக்காரன். 9இலை தொடங்கிற சமூகக் காப்புறுதி சின் நம்பரை மாத்தலாம், வேலையும் மாறலாம். காட் தேவைப்படுறது நீ வெளிநாடு போய்த் திரும்பிப் பிளேன் ஏறேக்கைதான். அது கைக்கு வரமுன்னம் ஊருக்குப் பறந்தியோ, அங்கை நிண்டு பயணப் பத்திரத்துக்கு எழுதிப்போட்டுக் கொம்மாவின்ரை புட்டைத் தின்னுகொண்டு இருக்கவேண்டியதுதான். இஞ்சை உன்ரை கதிரையிலை வேறை ஒருத்தன் இருப்பான்.

எங்களுக்குக் காட்டே இல்லை. 2002 ஜூனிலைதான் அது வந்தது. அதுக்கு முன்னம் லாண்டட் பேப்பர் ஒண்டுதான். மாமி அதைப் பொலித்தீன் பையிலை சுத்தி அரிசி வாளிக்குப் பின்னாலை வைச்சவ. நான் தேடினாலும் அம்பிடாது.

காட் வந்தால் பாட்டி வைக்கிறன் எண்டாய், வை. வழமையாய் அஞ்சு வருசத்துக்குத் தருவினம், எந்த அஞ்சு வருசத்தை எடுத்தாலும் 730 நாள் இஞ்சை நிண்டிருக்கோணும், அதையும் எண்ணு. மாசக் கடைசியிலை மோர்னிங்சைட் பக்கம் வேறை பேஸ்மென்றுக்கு மாறப்போறன் எண்டனி. மாறினால் விலாசத்தை உடனை அறிவி. இல்லாட்டில் பழைய வீட்டுக்காரன் உன்ரை காட்டைப் பிட்சாக்கடை விளம்பரங்களோடை சேர்த்து நீல மறுசுழற்சிப் பெட்டிக்கை போட்டிடுவான். முதல் காட் இனாம். 180 நாளுக்குள்ளை விலாசம் குடுக்காட்டில் திரும்ப விண்ணப்பிச்சு 50 டொலர் கட்டோணும். அந்த 50 டொலரை என்னட்டைக் கேட்டு வராதை.