சிக்லிட்டுக்குக் குளிருமா?

கேள்வி: சிக்லிட் மீன்கள் வெப்ப நாட்டுக்காரர்கள்தானே? குளிர் தாங்கும் சிக்லிட் ஒன்றாவது உண்டா?

பதில்: உண்டு, அதுவும் வீரம் உள்ளது! ஆப்பிரிக்காவும் தென், மத்திய அமெரிக்காவும்தான் இந்தக் குடும்பத்தின் தாய்வீடுகள். மடகாஸ்கரிலும் மேற்காசியாவிலும் சில உறவினர் உண்டு. நம் பங்குக்குக் கரிமீன் இருக்கிறது; ஏரிகளை நிறைத்திருக்கும் ஜிலேபிக் கெண்டையோ 1952-இல் வந்த விருந்தாளி. வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் தண்ணீர் 10 டிகிரியை நெருங்கினால் அவர் பாடு திண்டாட்டம்.

உங்கள் கேள்விக்கான நாயகன் உருகுவே, அர்ஜென்டினா, தெற்கு பிரேசில் பக்கத்துச் சாஞ்சிட்டோ. அங்கே குளிர்காலம் உண்மையாகவே குளிர்காலம்; தண்ணீர் ஜில்லிட்டால் இது இரையைக் குறைத்து, அசைவைக் குறைத்து, வெயிலுக்காகக் காத்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பியர் தொட்டிகளில் வளர்த்தார்கள். இன்று தெற்குப் போர்ச்சுகல் ஆறுகளில் குடியேறி, ஊர் மீன்களுக்குத் தொல்லை தருகிறது. அழகு மீனை ஆற்றில் விடுவது எனக்குப் பொறுக்காத செயல்.

அமெரிக்கக் கண்டங்களில் இந்தக் குடும்பத்தின் வடக்கெல்லையில் இருப்பது டெக்சாஸ் சிக்லிட். அமெரிக்க நாட்டின் ஒரே சொந்தச் சிக்லிட் இதுதான். பூர்வீகம் ரியோ கிராண்டே ஆற்றின் கீழ்ப்பகுதி. மனிதர் கொண்டுவிட்ட சான் மார்கோஸ் ஆற்றிலும் இது சுகமாக வாழ்கிறது. காரணம், அங்கே பூமிக்கடியிலிருந்து வரும் ஊற்றுநீர் ஆண்டு முழுக்க 22 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். மின்கட்டணமே இல்லாத ஹீட்டர்!

சாஞ்சிட்டோ வளர்ப்பவரானால், ஆண்டில் சில மாதம் ஹீட்டரை அணைத்து வையுங்கள். அதற்குக் குளிர்காலம் வேண்டும்.