கட்டிலுக்குக் கலம்காரி

மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய குழந்தைக் கட்டிலை அப்படியே மொட்டையாகப் போட்டுவைப்பது கௌரவக் குறைச்சல். தலைமாட்டுப் பலகைக்கு ஃபோம், அதன்மேல் கலம்காரி, ஓரத்தில் குஞ்சம் வைத்த லேஸ், ஒட்ட ஃபெவிகால், அடிக்க ஸ்டேப்ளர் துப்பாக்கி. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

டிராயர் அலமாரிக்கு மதுரைச் சுங்குடி. புள்ளி வரிசை கோணிவிட்டதென்று அப்பா பிய்த்துப் பிய்த்து ஒட்டினார். பிறந்த குழந்தைக்கு ஓரடிக்கு அப்பால் எல்லாமே மங்கல்தான். அதனாலென்ன, போட்டோவில் பளிச்சென்று விழுகிறதே. டயப்பர் வாளிக்கும் அதே துணியில் பாவாடை, நாடா வைத்து.

ஊரிலிருந்து வந்த பாட்டி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு." பையிலிருந்து ஒரு பழைய நூல்புடவையை உருவி, ஊஞ்சல் கொக்கியில் தூளி கட்டினார். ரெண்டே ஆட்டலில் பிள்ளை தூங்கிவிட்டது. கட்டிலும் வீண்போகவில்லை, காய்ந்த துணியைக் குவிக்க அளவாக இருக்கிறது.

ஒரே ஒரு குறை. அந்தக் கொக்கி மொட்டையாகத் தெரிகிறதாம். கலம்காரியில் உறை தைக்க அளவெடுத்தாயிற்று.