புகை போன பிறகும் கொசு

கேள்வி: மாநகராட்சி வண்டி வந்து தெரு முழுக்கக் கொசுப் புகை அடித்துவிட்டுப் போகிறது. மறுநாளே கொசு கடிக்கிறது. பிறகு எதற்கு இந்தப் புகை?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளிகிற அதன் பிள்ளைகுட்டிகளை ஒன்றும் செய்யாது. மறுநாளில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளுக்குள் அவை ஒவ்வொன்றாக இறக்கை முளைத்து உங்களை விசாரிக்க வந்துவிடும். டெங்கு பரவும் தெருவில், நோயோடு திரியும் கொசுக்களை உடனே குறைக்கப் புகை வேண்டும். அத்தோடு அதன் வேலை முடிந்தது.

நிஜமான வேலையைச் செய்கிறவர் டார்ச்சும், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்துமாக வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையை விட்டுவிட்டு நல்ல தண்ணீரைத்தான் தேடும்; கடிப்பதும் பகலில். உங்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்புள்ளி போல வளைந்து நெளியும் புழுக்கள் தென்படலாம். மொட்டைமாடி டயர், பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்கச்சி எல்லாம் அந்தக் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரிதான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

வெயிலில் படியேறி, தினக்கூலிக்கு உழைக்கிறவர்களை "அப்புறம் வாங்க" என்று வாசலோடு அனுப்புவது அநியாயம். அடுத்த முறை வந்தால் மாடிச் சாவியை எடுத்துக் கொடுங்கள், தாயே.