ஏற்ற அளவையியல்: மிதிவண்டியில் கொல்லிமலை ஏறத் திட்டமிடுவோர் குறித்து ஓர் ஆய்வு

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. வளைவுகளுக்குப் பலகை நட்டு எண் எழுதிவிட்டார்கள். வேறுபாடெல்லாம், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே சாலை எவ்வளவு ஏறுகிறது, அதை மிதித்தே கடக்க முடியுமா, முடியும் என்று சொன்னவர் யார், அவர் சொல்லை எதனால் நம்பினோம் என்பவற்றில்தான். இக்கட்டுரை இவற்றோடு நிற்கும். மேலே உள்ள அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, செம்மேட்டு ஓரி சிலை ஆகியவை ஆய்வெல்லைக்கு வெளியே. மிதித்தே போய்ச் சேர்ந்தவர்களுக்கு அருவிக்கான படிகளில் இறங்கி ஏறவும் தெம்பு இருந்ததா என்பதைத் தனி ஆய்வாக யாரேனும் மேற்கொள்ளலாம்.

திட்டமிடல் சமதளத்தில், மின்விசிறிக்குக் கீழே, சாப்பிட்டு முடித்த நாலு பேரால் நிகழ்த்தப்படும் செயல் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம். பசியோடு இருப்பவர் யாரும் மலையேறத் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முதல் நூல் மலைபடுகடாம். செங்கத்து நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் 583 அடியில் வழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி, வழுக்கும் பாறை, பாம்பு பதுங்கும் இடம், இரவில் ஒதுங்கும் இடம், வழியிலுள்ள குடிகளில் கிடைக்கும் உணவு என்று எல்லாம் வருகின்றன. இன்றைய பயணத் திட்டங்களில் கிலோமீட்டர் இருக்கிறது, சோறு இல்லை. துறை பின்னோக்கிப் போயிருக்கிறது என்றே கொள்ளவேண்டும். ஆற்றுப்படையின் அடிப்படை விதி ஒன்றுதான்: போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்லவேண்டும்.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியின் சாட்சியத்தையும் எடுத்துக்கொள்ளலாமே என்பாரும் உளர். பொருந்தாது. ஓரி குதிரையில் போனவன். ஏற்றத்தைப் பற்றி விசாரித்திருக்க வேண்டியது குதிரையிடம். அந்தக் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் எனச் சிறுபாணாற்றுப்படையால் அறிகிறோம். எனவே யார் சொன்னது எது என்பதில் பிற்காலத்தார் குழம்ப இடமுண்டு.

மேலைநாட்டில் 1910ஆம் ஆண்டு நிகழ்ந்தது கவனத்துக்குரியது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைப் பிரனீஸ் மலைக்குள் கொண்டுபோகலாமா என்று பார்த்துவர அல்ஃபோன்ஸ் ஸ்டைனேஸ் என்பவர் போனார். 2,115 மீட்டர் உயர டூர்மலே கணவாயில் அவர் ஏறிய கார் பனியில் மாட்டிக்கொண்டது. இருட்டில் நடந்து, பனியில் தடுமாறி, உயிர் தப்பி ஊர் சேர்ந்தார். சேர்ந்ததும் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தார்: கணவாயைக் கடந்தாயிற்று, சாலை பிரமாதம், தாராளமாகப் போகலாம். அவ்வாண்டு பந்தயம் அவ்வழியே போனது. அதே மலைத்தொடரில் ஏறி நொந்த ஆக்டேவ் லாபீஸ் என்ற வீரர், அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். அவர்தான் அந்த ஆண்டு வெற்றி பெற்றவர் என்பதால் தோற்றவரின் பொருமல் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆக, ஆற்றுப்படை விதியில் ஓட்டை விழுகிறது. போய்வந்தவரும் பொய் சொல்கிறார். எனில் ஏற்றத்தை அறிய அளவை எது?

அளவைகள்

அறியும் வழிகளில் தலையாயவை காண்டல், கருதல், உரை என்று மூன்றாகச் சிவஞான சித்தியார் வகுத்துத் தருகிறது. அருணந்தி சிவாச்சாரியார் கியர் வண்டியைக் கருத்தில் கொள்ளவில்லை என்பது குறைதான். பொருத்திப் பார்ப்பது நம் கடமை.

காண்டல் உதவாது. டென்னிஸ் ப்ராஃபிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 5 பாகைச் சரிவைப் பார்த்தவர்கள் அதைச் சுமார் 20 பாகை என்று சொன்னார்கள். கனத்த பையை முதுகில் மாட்டி நிற்க வைத்தால் அதே சரிவு இன்னும் செங்குத்தாகத் தெரிந்தது என்று 1999இல் எழுதினார்கள். கண் மலையோடு பையையும் சேர்த்து அளந்துவிடுகிறது.

கருதல் என்பது இக்காலத்தில் கைப்பேசிச் செயலி. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி, ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. பல வரைபடங்களுக்கு அதுவே அடிப்படை. அதன் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மீட்டர். கொண்டை ஊசி வளைவிலோ மேல்சாலை, கீழ்சாலை, இடையிலுள்ள பாறைச் சரிவு எல்லாம் ஓரிரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரு செயலியில் சமதளமாகக் கிடக்கும் இடம் இன்னொன்றில் சுவராக எழுந்து நிற்பது இதனால்தான்.

கருதல் முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்க. ஆயிரம் மீட்டர் உயர்த்த 785 கிலோஜூல் வேலை ஆகும். உடம்பு தின்றதில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் பெடலுக்குக் கொடுக்கும். ஆகவே செலவு சுமார் 750 கிலோ கலோரி. இட்லி ஒன்றுக்கு ஐம்பது என்று வைத்தால் பதினைந்து இட்லி. சட்னி இக்கணக்கில் அடங்குமா என்பதில் இரு பள்ளிகள் உள்ளன. அடங்காது என்பதே நம் துணிபு.

இன்னொன்றும் கணக்கால் அறியலாம். நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு நமக்கு வாய்க்கிறது: தூரம் குறைவு, ஏற வேண்டிய உயரம் அதே, ஆகவே செங்குத்து. வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பு. சாய்வு இளகி, மூச்சு திரும்பும். எழுபதில் ஏறக்குறையப் பாதி வளைவுகள் பகை, பாதி நட்பு. மூச்சு வாங்க நிற்பவர் வலப்பக்க வளைவைத் தாண்டி நிற்கவேண்டும். பெரும்பாலோர் பகை வளைவின் நடுவில் நின்று, மறுபடி ஏறி உட்கார முடியாமல் உருட்டுகிறார்கள்.

உரையே மிகவும் சிக்கலானது. அடிவாரத்தில் பைக்கில் வருபவரைக் கேட்டால், "ஏத்தமா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, அப்படியே போயிரலாம்" என்பார். பொய்யில்லை, அவர் அப்படியேதான் போனார். பேருந்தில் வந்தவர் வளைவுகளை மட்டும் அறிவார், அதுவும் வயிற்றால். டீக்கடைக்காரர் அடுத்த கடை பக்கத்தில் இல்லை என்பார். இதில் அவருக்கு ஆதாயம் உண்டு. விறகுச் சுமையோடு இறங்கி வரும் பாட்டி ஒருவர்தான் நிறுத்தி வண்டியைப் பார்த்துவிட்டு, "அந்தப் பாறை வரைக்கும் இழுக்கும் சாமி. அதுக்கப்புறம் கொஞ்சம் சும்மா இருக்கும். தண்ணி வச்சிருக்கியா?" என்று கேட்பார். மலைபடுகடாம் முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது.

இதிலிருந்து விதி: ஏற்றம் பற்றிய சொல்லின் மதிப்பு, சொல்பவர் தம் காலால் கொடுத்த விலைக்கு நேர் விகிதத்திலும், அவர் வந்த வாகனத்தின் குதிரைத் திறனுக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும்.

ஸ்டைனேஸ் நடந்தே கடந்தாரே, அவர் சொல் ஏன் பொய்த்தது என வினவின், அவர் ஏறப்போகிறவர் அல்லர், ஏற்றப்போகிறவர் என்க. ஆகவே விதிக்கு ஒரு புறனடையும் வேண்டும்: பயணத்தை ஏற்பாடு செய்கிறவர் சொல் எக்காலத்தும் அளவையாகாது. வாட்ஸாப் குழுவில் "ஈஸி ரூட், எல்லாரும் வரலாம்" என்று இரவு பதினொரு மணிக்கு எழுதுபவர் இவ்வகையினர். முள்ளுக்குறிச்சி வழியாக ஏறலாமே, வளைவு குறைவு என்பவரும் இவரே. வளைவு குறைந்தால் மலை குறைந்துவிடும் என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எஞ்சிய அளவைகள்

அபாவம் என்பது இல்லாமையால் அறிவது. டீக்கடை இராது என்பதை அது இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அறியமுடிகிறது. இதைத் திட்டமிடலில் சேர்க்க வழியில்லை. வாழைப்பழத்தைப் பையில் சேர்க்கலாம்.

பொருள் என்னும் அளவைக்குப் பழைய எடுத்துக்காட்டு, பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்று கொள்வது. மலையில் இதற்கு நேர்ப் பயன்பாடு உண்டு. குழுவில் எல்லோருக்கும் கடைசியாகப் புறப்பட்டவர், எல்லோருக்கும் முன்னதாக மலைமேல் உள்ள சோளக்காடு என்னும் ஊரில் உட்கார்ந்து அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருக்கிறார். ஏற்றம் எப்படி என்று கேட்டால், "பரவாயில்லப்பா, ஒரே சீரா இருந்துச்சு" என்கிறார். சட்டை உலர்ந்திருக்கிறது. அவரது வண்டியின் கைப்பிடியில் சணல் நார் சுற்றியிருக்கிறது. சற்றுத் தள்ளி, பழம் ஏற்ற வந்த காலி லாரி ஒன்று நிற்கிறது.