மோசேக்கும் ஒரு மே மாசம் இருந்தது

127-ஆம் சங்கீதம் பிள்ளைகளை அம்புகள் என்கிறது. அம்பறாத்தூணி எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு பாக்கியமாம். எழுதியவர் சாலொமோன் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. அவருக்கு மனைவிமார் 700 பேர், மறுமனையாட்டிகள் 300 பேர் என்று ராஜாக்களின் புத்தகம் கணக்குச் சொல்கிறது. ஆயிரம் பேர் உள்ளே இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், வெளியே உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் சங்கீதம் எழுதலாம்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். மொட்டைமாடிக்குப் போனால் ஊசிக் கோபுரம் தெரியும். மே மாசம் மொட்டைமாடிக்குப் போனால் அதோடு உள்ளங்கால் தோலும் போகும். சொந்த அம்புகள் இரண்டு: மூத்தவள், சின்னவன். பரீட்சை முடிந்த கையோடு சென்னையிலிருந்து நாத்தனாரின் இரண்டு அம்புகளும் வந்து இறங்கும். ஆக நாலு பிள்ளைகள், ஒரு ஏசி, ஒரு பிரிட்ஜ், ஒரு ரிமோட். "வீடு நிறைஞ்சிருக்கு, ஸ்தோத்திரம்" என்பார்கள் என் மாமியார். பனையோலை விசிறியோடு வராண்டாவில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்வார்கள். ஸ்தோத்திரம் சொல்ல அது நல்ல இடம்.

பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை ஒரு நாள் நின்று பார்த்தால்தான் நான் சொல்வது புரியும். ஒருத்தன் குடித்த டம்ளரை இன்னொருத்தி தொடமாட்டாள். தான் குடித்த டம்ளரையே தானும் மறுபடி தொடமாட்டாள். பத்து மணிக்குள் வீட்டிலுள்ள டம்ளர் எல்லாம் தொட்டியில் கிடக்கும். அதற்கப்புறம் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி டம்ளர், பல் துலக்குகிற கப்பு, அரிசி அளக்கிற உழக்கு என்று இறங்கி வருவார்கள். பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே எதையும் எடுக்காமல், குளிருக்காக மட்டும் நிற்கிறது தனி.

கத்திரி வெயில் நடுவே எங்களுக்குக் கிடைக்கிற நிழல் வி.பி.எஸ். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், விடுமுறை வேதாகமப் பள்ளி. காலையில் பிள்ளைகளைக் கோயில் வளாகத்தில் சேர்த்து, பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை எல்லாம் சொல்லிக்கொடுத்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஆரஞ்சு கலரில் ஒரு ஜூஸும் கொடுத்து மத்தியானத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்புவது ஒன்றுதான் அதில் குறை.

1898-ல் நியூயார்க்கில் ஹாஸ் என்கிற டாக்டரின் மனைவி, கோடை விடுமுறையில் தெருத்தெருவாகச் சுற்றிய பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ஒரு பீர்க்கடையை வாடகைக்குப் பிடித்து இதைத் தொடங்கினாராம். ஊழிய வாஞ்சை என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, பீர்க்கடை ஆனாலும் பரவாயில்லை, எங்காவது கொண்டுபோய் உட்கார வைப்போம் என்று ஒரு பெண் முடிவெடுக்கிறாள் என்றால், எனக்கு அதில் வாஞ்சையோடு வேறொன்றும் தெரிகிறது.

சின்னவனுக்கு மனப்பாட வசனம் எப்போதும் யோவான் 11:35. இயேசு அழுததைச் சொல்கிற அந்தக் குட்டி வசனம். முதல் நாள் ஒப்பித்தான், ஸ்டிக்கர் வாங்கினான். மறுநாளும் அதையே ஒப்பித்தான். "நேத்து சொன்னதுதானல, வேற சொல்லு" என்று டீச்சர் கேட்டதற்கு, "அவர் இன்னும் அழுதுக்கிட்டுதான் இருக்கார் டீச்சர்" என்றானாம். எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்த எனக்கு அந்த இறையியலில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

கைவேலைக்குத் தெர்மாக்கோலில் நோவாவின் பேழை. அது வீட்டுக்கு வந்து, மின்விசிறிக் காற்றில் பொடிப்பொடியாக உதிர்ந்து, மூலைக்கு மூலை பறந்துகொண்டிருந்தபோது துடைப்பமும் கையுமாக நின்று யோசித்தேன். மழை பெய்தது 40 நாள்தான். ஆனால் ஆதியாகமம் கொடுக்கிற தேதிகளைக் கூட்டிப் பாருங்கள், உள்ளே போனவர்கள் வெளியே வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒரே கதவு, ஒரே ஜன்னல், சோடி சோடியாகச் சகல மிருகமும். நோவாவின் பெயர் இருக்கிறது, மூன்று மகன்களின் பெயர் இருக்கிறது, பேழை 300 முழ நீளம் என்பதுகூட இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் மட்டும் இல்லை. பெயர் எழுதிக்கொள்ள ஆள் வந்த நேரத்தில் எதையாவது கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்திருப்பாள்.

பெண்கள் கூட்டங்களில் தாய்மாரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இவளைத் தொடுவதில்லை. சூசன்னா வெஸ்லியைத்தான் கொண்டுவருவார்கள். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி இருவரையும் பெற்ற தாய். 19 பிள்ளைகள் பெற்றவர். ஜெபிக்கத் தனியிடம் கிடைக்காமல், இடுப்பில் கட்டியிருக்கிற ஏப்ரனைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு அதற்குள் இருந்தே ஜெபிப்பாராம். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்களாம்.

நானும் ஒரு மத்தியானம் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, நைட்டிக்கு மேலே கிடந்த துண்டைத் தலைவழியாக இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளே புழுக்கம். ஆனாலும் அமைதி. "ஆண்டவரே" என்று ஆரம்பித்திருப்பேன், துண்டின் ஓரம் மெல்ல உயர்ந்தது. ஒரு கண் தெரிந்தது.

"எம்மா, உள்ள வச்சு என்ன திங்குத?"

ஜெபம் பண்ணுதேன்ல என்றேன். நம்பவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தான். அதற்குள் கூடத்திலிருந்து சென்னைக் குரல் ஒன்று, "அத்தை துண்டுக்குள்ள தனியா சாக்லேட் சாப்பிடறாங்க!" என்று அறிவித்துவிட்டது. நாலு பேரும் வந்து துண்டை உதறிப் பார்த்தார்கள். சூசன்னா அம்மாவின் பிள்ளைகள் பயந்தது ஏப்ரனுக்கா, அந்த அம்மாவுக்கா என்பதைப் பேச வருகிறவர்கள் கொஞ்சம் விசாரித்துச் சொன்னால் நல்லது.

எனக்கு உதவிக்கு வந்தது வேறொரு ஆள். மூத்தவளை வேதாகம வினாப்போட்டிக்குப் படிக்க வைக்கும்போதுதான் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். எந்தப் பெண்கள் கூட்டத்திலும் அதை எடுத்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஏன் பேசுவதில்லை என்பது வாசித்தால் தெரியும்.

வனாந்தரம். வெயில். சாப்பாடு தினமும் காசில்லாமல் வாசலில் வந்து இறங்குகிறது. ஜனங்கள் கூடாரத்துக்குக் கூடாரம் உட்கார்ந்து அழுகிறார்கள். எகிப்தில் மீன் தின்றோம், வெள்ளரிக்காய் தின்றோம், வெங்காயமும் பூண்டும் தின்றோம், இங்கே கண்ணைத் திறந்தால் மன்னாதான் என்று புலம்பல். படிக்கும்போதே எனக்குக் குரல்கள் அடையாளம் தெரிந்தன. "திரும்பவும் தோசையா?" நேற்று இட்லிதானே என்றால், ரெண்டும் ஒரே மாவு என்று வாதம். "எங்க வீட்ல காலைலயே நூடுல்ஸ் தருவாங்க" என்று சென்னைப் பிள்ளைகள் ஆரம்பித்தால், பாளையங்கோட்டையை விட்டு வெளியே போகாத என் பிள்ளைகளும் அந்த எகிப்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த அதிகாரத்தில் எட்டாம் வசனத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். மன்னாவைப் பொறுக்கி வந்து, ஏந்திரத்தில் அரைத்தோ உரலில் இடித்தோ, பானையில் வேகவைத்து, அப்பமும் சுட்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து வந்த சாப்பாட்டுக்கும் அரைப்பு வேலை இருந்திருக்கிறது! மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழுத்துவிடும் என்பதால் தினசரி அரைப்பு. கத்திரியில் என் மாவும் அப்படித்தான், ராத்திரி வெளியே வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு இறங்கி மேடையில் நிற்கும். ஆறு லட்சம் ஆண்கள் என்று மோசே தலையை எண்ணிச் சொல்கிறார். உரலில் இடித்தவர்கள் அந்த எண்ணிக்கையில் வந்தார்களா என்று வாசிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த அழுகையை எல்லாம் கேட்டு மோசே என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருக்கவில்லை. நேரே கர்த்தரிடம் போய்ச் சண்டை போடுகிறார். இத்தனை பேரையும் வயிற்றில் சுமந்தது நானா, பெற்றது நானா, மடியில் தூக்கிக்கொண்டு போ என்கிறீரே, இறைச்சிக்கு நான் எங்கே போவேன், இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றே போடும் என்கிற ரீதியில் கேட்கிறார். அடுப்படியில் நான் ரகசியமாகச் சொல்லிக்கொள்வதை எல்லாம் ஒரு தீர்க்கதரிசி வாய்விட்டுச் சொல்லி, அது வேதத்திலும் ஏறியிருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நானா பெற்றேன் என்று நாலில் இரண்டு பேருக்குத்தான் நான் கேட்க முடியும். மற்ற இருவருக்கும் ஆஸ்பத்திரி ரசீது பீரோவில் இருக்கிறது.

இறைச்சி கேட்டவர்களுக்கு நடந்ததும் பிள்ளைகள் வளர்க்கிறவர்களுக்குப் புதிதில்லை. ஒரு மாசத்துக்கு, மூக்கு வழியாக வருகிற அளவுக்குத் தின்னுங்கள் என்று உத்தரவாகி, காற்று காடைகளைக் கொண்டுவந்து பாளயத்தைச் சுற்றிக் கொட்டியது. என் வீட்டுக்காரர் கைக்கொள்ளுகிற வழி இதுதான். பிள்ளைகள் மாம்பழம் கேட்டார்கள் என்று ஒரு பெட்டி பங்கனப்பள்ளியைக் கொண்டுவந்து இறக்கினார். மாமியார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சின்னவனுக்கு நெற்றியில் வேனல்கட்டி கிளம்பியது. சென்னைக்காரனுக்கு வயிற்றால் போனது. காடைக்குப் பிறகு அங்கே வாதை வந்ததாக எழுதியிருக்கிறது, இங்கே ஓ.ஆர்.எஸ். கரைசலோடு முடிந்தது.

ராத்திரி குடும்ப ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு வரி ஜெபிக்க வேண்டும் என்பது மாமியார் போட்ட சட்டம். நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். அது மெல்ல மெல்ல நீதிமன்றம் ஆகிவிட்டது. "ஆண்டவரே, அத்தான் மூணு மணிலேர்ந்து ரிமோட்டைத் தரமாட்டேங்கான், உமக்கே தெரியும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சின்னவன் மனுச் செய்வான். எதிர்த்தரப்பும் கண்ணைத் திறக்காமலே, "பொய் சொல்றான் ஆண்டவரே" என்று பதில் மனு போடும். மாமியார் சத்தமாக ஆமென் சொல்லி வழக்கை ஒத்திவைப்பார்கள்.

எங்கள் பக்கத்து வி.பி.எஸ்.ஸில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதை இல்லாமல் போகாது. அவர் ஊழியம் செய்த டோனாவூர் எங்கள் ஜில்லாதானே. சிறு வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார், கிடைக்கவில்லை, 'இல்லை' என்பதும் பதில்தான் என்று தெரிந்துகொண்டார், பின்னாளில் அந்தப் பழுப்புக் கண்ணே நம் ஊர்ப் பெண்களோடு கலந்து நிற்க உதவியது. கேட்டுவிட்டு வந்த சின்னவன், பள்ளிக்கூடம் திறக்கவே கூடாது என்று ஜெபிக்கத் தொடங்கினான். "அதுக்கும் இல்லைன்னுதான்ல பதில் வரும்" என்றேன். "அக்கா கேட்டப்போ வந்துச்சே" என்றான். உண்மைதான். 2023-ல் வெயில் தணியவில்லை என்று பள்ளி திறப்பை ஜூன் 7-க்குத் தள்ளினார்கள். பிறகு மறுபடியும் தள்ளி, பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, ஆரம்ப வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றார்கள். பக்கத்துப் பாயிலிருந்து எதிர்மனுவாக என் ஜெபமும் அதே நேரத்தில் போய்க்கொண்டுதான் இருந்தது. அது எடுபடவில்லை. பள்ளிக் கல்வித் துறையும் அவள் பக்கம் நின்றது.

மோசே கதைக்கு வருகிறேன். அத்தனை பேச்சுப் பேசியவருக்குக் கர்த்தர் கோபித்துப் பதில் சொல்லவில்லை. பொறுமையைக் கற்றுக்கொள் என்று பிரசங்கம் பண்ணவுமில்லை. மூப்பர்களில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உன்னோடுகூட இந்தச் சுமையைச் சுமக்கட்டும் என்றார். அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால், பூமியிலுள்ள எல்லாரையும்விடச் சாந்தமானவர் இந்த மோசேதான் என்று நற்சாட்சி வேறு. கத்தியதற்கு அப்புறம்தான் அந்த நற்சாட்சி வருகிறது, கவனித்துக்கொள்ளுங்கள். தாய்மாருக்குப் பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 12-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிட்டு வருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால் எங்கள் கோயில் சேகரக் கமிட்டிக்கும் போதகர் ஐயரவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எனக்கு எழுபது பேர் வேண்டாம். அடுத்த வருஷம் வி.பி.எஸ்.ஸை இன்னும் ஒரு வாரம் நீட்டுங்கள், மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே போடுங்கள். அசனத்துக்கு ஊருக்கே சோறு வடிக்கிற நமக்கு இது பெரிய காரியமில்லை. அண்டா இருக்கிறது, அகப்பை இருக்கிறது, அசனத்தன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் கிண்டுகிற அப்பாமாரும் இருக்கிறார்கள். வீட்டில் கரண்டி பிடித்தால்தான் அவர்களுக்குக் கை வலிக்கும், கோயிலில் வலிப்பதில்லை. பிள்ளைகளைக் காலையில் நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு. திருப்பி அனுப்ப நீங்கள் அவசரப்பட வேண்டாம்.